பெயர் சொல்ல ஒரு பிள்ளை

என் பெயர் என் தாத்தாவுடையது. அவர் கண்ணை மூடி ஒரு வருஷத்துக்குள் நான் பிறந்துவிட்டேன். ஆகையால் எனக்கு என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் யாரும் மூளையைக் கசக்கிக்கொள்ளவில்லை. வைத்தார்களே தவிர, அந்தப் பெயரால் என் தாயார் என்னை ஒரு நாளும் கூப்பிட்டது கிடையாது. மாமனார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லலாமா? "துரை!" என்றுதான் கூப்பிடுவாள். பாட்டிக்கோ அது புருஷன் பெயர், கேட்கவே வேண்டாம். கோபம் வந்து திட்டும்போதுகூட இரண்டு பேரும் துரையைத்தான் திட்டினார்கள். தாத்தாவின் பெயருக்கு ஒரு சிறு பங்கமும் வராமல் என் பால்யம் கழிந்தது.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்தது, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று பொருள் என்று எங்கள் தமிழ் வாத்தியார் ஒரு நாள் வகுப்பில் சொன்னார். எங்கள் வம்சத்தில் இரண்டே பெயர்கள்தாம் மாறி மாறி வருகின்றன. கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியது போல ஒன்று இறங்கினால் மற்றொன்று ஏறும். முன்னால் நிற்கும் இனிஷியலோ ஒரு தலைமுறையோடு சரி. பெயர் எங்கேயோ போய்விட்டது என்று நினைக்கும்போது தொட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும்.

ஆங்கிலேயர்கள் செய்துகொண்ட ஏற்பாடு வேறு. அது ராட்டினம் அல்ல. நேராக இழுத்த கயிறு. தகப்பன் பெயர் மகனுக்கு, மகன் பெயர் அவன் மகனுக்கு என்று ஒரே குடும்பப் பெயர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். பெண்கள் கல்யாணமானதும் அடுத்த கயிற்றுக்குப் போய்விடுவார்கள். எந்தத் தலைமுறையிலாவது ஆண் பிள்ளை இல்லையென்றால் அங்கேயே கயிறு அறுந்தது. 'பெயர் சொல்ல ஒரு பிள்ளை' என்று நாம் சொல்வதை அவர்கள் எழுத்துக்கு எழுத்து உண்மையாக்கி வைத்திருந்தார்கள்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை ஏற்பட்டது ஒரு சிறுகதையால். கதையில் ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் வந்தார். நல்ல கம்பீரமான மனிதர். அவருக்கு 'ஸ்மித்' என்று பெயர் வைத்தேன். வைத்த பிறகு, ஸ்மித் என்றால் கொல்லன் என்று அர்த்தமாயிற்றே என்று தோன்றியது. 'டெய்லர்' என்று மாற்றினால் தையற்காரர். 'பேக்கர்' என்றால் ரொட்டி சுடுகிறவர். 'கூப்பர்' என்றால் மரப் பீப்பாய் செய்கிறவர். நம்மை அதட்டி உருட்டி ஆண்ட கனவான்களில் எத்தனை பேர் பட்டறையையும் அடுப்பையும் பெயரில் சுமந்துகொண்டு வந்திருக்கிறார்கள் என்று அன்றுதான் கவனித்தேன். ஜாதியை மறந்தாலும் தொழிலின் பெயரை அவர்கள் மறக்கவில்லை. கலெக்டரைக் கதையிலிருந்தே நீக்கிவிட்டேன். பெயர் ஆராய்ச்சி மட்டும் விடவில்லை.

1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்த பிறகுதான் குடும்பப் பெயர் என்ற வழக்கம் அங்கே மெதுவாக வேர்விட்டது. முதலில் நிலபுலம் உள்ள பிரபுக்கள், பிறகு நகரத்து வியாபாரிகள், கடைசியாகக் குடியானவர்கள். ஊருக்கு ஊர் வில்லியமும் ஜானும் மலிந்துகிடந்தால் வரி வசூலிப்பவன் என்ன செய்வான்? 'கொல்லன் ஜான்', 'மலையடி ஜான்', 'ரிச்சர்டு மகன் ஜான்' என்று ஏட்டில் எழுதிக்கொண்டான். 1400-ஆம் ஆண்டு வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் இப்படி எழுதப்பட்டது நிலைத்துப்போய்விட்டது. ஜான் கொல்லனாகவே இருக்க வேண்டுமென்ற அவசியம் போயிற்று.

தொழில், ஊர், தகப்பன் பெயர், இந்த மூன்றும் மரியாதையானவை. நாலாவது வகை ஒன்று உண்டு; அது ஊரார் வைத்த பட்டப் பெயர். நம் கிராமங்களிலும் பட்டப் பெயர் இல்லாத ஆள் கிடையாது. ஆனால் 'ஓட்டைவாயன்' என்ற பெயர் அவனோடு சுடுகாட்டுக்குப் போய்விடும். இங்கிலாந்தில் அது பிள்ளைகுட்டிகளுக்கும் சாசனமாயிற்று. இந்த வகையில் ஒரு சின்னக் கூட்டத்தைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன். 'வாக்ஸ்டாப்' என்றால் தடியை ஆட்டுகிறவன். 'பிரேக்ஸ்பியர்' என்றால் ஈட்டியை முறிக்கிறவன். நிக்கோலஸ் பிரேக்ஸ்பியர் என்பவர் 1154 முதல் 1159 வரை நாலாவது ஏட்ரியன் என்ற பட்டத்தோடு போப்பாண்டவராக இருந்தார். அந்தப் பீடத்தில் அமர்ந்த ஒரே ஆங்கிலேயர் அவர்தாம். இந்தக் கூட்டத்தில் மூன்றாவது பெயர் வாசகர்களுக்குத் தெரிந்தது. ஈட்டியைக் குலுக்குகிறவன், ஷேக்ஸ்பியர்.

இந்தப் பெயரைக் கேட்டதும் குதிரைமேல் ஏறி வரும் வீரன் ஒருவன் நம் கண்முன் தோன்றுகிறான். அந்தக் காலத்து ஆங்கிலேயனுக்கு அப்படித் தோன்றியிருக்கும் என்று நினைப்பதற்கில்லை. சண்டை இல்லாத நாளிலும் சந்தையில் ஈட்டியைச் சுழற்றி வம்புக்கு நிற்கும் சண்டியரை நினைத்துக்கொள்ளுங்கள். அது சற்றுப் பொருத்தமாக இருக்கும். இன்னும் கொச்சையான இரட்டை அர்த்தம் ஒன்றும் இதில் உண்டென்று சில பண்டிதர்கள் சொல்கிறார்கள். அதை இந்தப் பத்திரிகையில் எழுதுவது உசிதமல்ல.

இந்தப் பெயர் ஏடுகளில் முதன்முதல் தலைகாட்டுவது 1248-இல். குளௌஸ்டர்ஷயரில் கிளாப்டன் என்ற ஊர். வழிப்பறிக் குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்ட ஒருவனின் பெயர் வில்லியம் சாக்ஸ்பியர்! முதல் ஷேக்ஸ்பியரும் வில்லியம்தான் என்பதைப் பார்க்கும்போது விதிக்கும் சற்று ஹாஸ்ய உணர்ச்சி உண்டென்றே எண்ண வேண்டியிருக்கிறது. அதற்குப் பிறகு வார்விக்ஷயர் கிராமங்களில் இந்தப் பெயர்க்காரர்கள் பெருகுகிறார்கள். உழவர்கள், கூலிக்காரர்கள், சிறு குத்தகைக்காரர்கள். ராக்ஸால் என்ற இடத்துக் கன்னியர் மடத்தில் இஸபெல்லா ஷேக்ஸ்பியர் என்ற அம்மையார் தலைவியாக இருந்திருக்கிறார். ஆக, ஒரு திருடனும் ஒரு துறவியும் ஆயிற்று. நடுவில் எத்தனையோ சாதாரண ஜனங்கள்.

1487-இல் ஆக்ஸ்போர்டு மெர்ட்டன் கல்லூரியில் ஹியூ ஷேக்ஸ்பியர் என்று ஒரு பண்டிதர் இருந்தார். அவருக்குத் தம் பெயர் பிடிக்கவில்லை. அது இழிவான பெயராகக் கருதப்பட்டதால் மாற்றப்பட்டது என்று கல்லூரி ஏட்டில் லத்தீனில் எழுதிவைத்திருக்கிறார்கள். அன்று முதல் அவர் ஹியூ சாண்டர் ஆனார். படித்தவர்கள் மத்தியில் உட்காரும்போது பெயர் உறுத்தியிருக்கிறது. பாவம், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முனியன் முனிரத்தினம் ஆவதையும் கருப்பாயி கல்லூரிக்குப் போய்க் கல்பனா ஆவதையும் நாம் பார்த்ததில்லையா?

நம் கதை உண்மையில் தொடங்குவது இங்கேதான். அதே பெயரைத் தூக்கி எறியாமல், அதற்குக் கௌரவம் சம்பாதித்துக் கொடுக்க வேண்டும் என்று ஒரு தகப்பனும் மகனும் பட்ட பாடுதான் கதை.

ஸ்னிட்டர்பீல்டு கிராமத்தில் ரிச்சர்டு ஷேக்ஸ்பியர் என்ற குடியானவர் ராபர்ட் ஆர்டன் என்ற நிலச்சுவான்தாரிடம் குத்தகைக்கு உழுதுகொண்டிருந்தார். இவர் பெயரையே கிராமத்து ஏடுகள் 'ஷேக்ஷாப்ட்' என்றும் 'ஷேக்ஸ்டாப்' என்றும் எழுதுகின்றன. ஈட்டியோ, காம்போ, தடியோ, எதையோ குலுக்குகிறவன் என்பது போதும் என்று கணக்குப்பிள்ளை நினைத்தார் போலும். ரிச்சர்டின் மகன் ஜான், ஏரைப் போட்டுவிட்டு நாலைந்து மைல் தூரத்திலுள்ள ஸ்ட்ராட்போர்டு என்ற சந்தை ஊருக்கு வந்தார். தோலைப் பதப்படுத்திக் கையுறை தைக்கும் தொழிலில் இறங்கினார். அந்த ஊர் ஏட்டில் அவர் பெயர் முதலில் வருவது 1552-ஆம் ஆண்டு ஏப்ரலில். எதற்காக என்றால், ஹென்லி தெருவில் குப்பைமேடு போட்டதற்காக! அபராதம் ஒரு ஷில்லிங். கூடவே அபராதம் கட்டிய மற்ற இருவரில் ஒருவர் பெயர் ஏட்ரியன் குவினி. வாசகர்கள் இந்தக் குவினியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் வருவார்.

குப்பைமேட்டிலிருந்து ஜான் ஏறிய ஏற்றத்தைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. தம் தகப்பனாரின் நிலச்சுவான்தார் மகள் மேரி ஆர்டனையே கைப்பிடித்தார். 1556-இல் ஊர் பீரை ருசிபார்க்கும் உத்தியோகம். பிறகு காவல் பொறுப்பு, கஜானாப் பொறுப்பு என்று படிப்படியாக ஏறி, 1568-இல் நகரத் தலைவரே ஆகிவிட்டார். இவ்வளவுக்கும் அவர் தம் பெயரை எழுதிக் கையெழுத்திட்டதாக ஒரு காகிதம்கூட இல்லை. கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் கையுறைத் தொழிலாளர் அளவெடுக்கும் கவராயத்தின் படத்தைக் குறியாகப் போடுவார்.

பதவி வந்தவுடன் அவருக்கு ஓர் ஆசை வந்தது. இங்கிலாந்தில் ஒருவன் கனவான் என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டுமானால் பணம் மட்டும் போதாது, குலச்சின்னம் வேண்டும். கேடயத்தில் வண்ணம் தீட்டிய சின்னம். அதை வழங்குவதற்கென்றே லண்டனில் ஒரு ராஜாங்க இலாகா உண்டு. ஜான் விண்ணப்பித்தார். ஆனால் அதற்குள் காலம் கெட்டுவிட்டது. 1577 முதல் நகரசபைக் கூட்டங்களுக்கு அவர் வருவதில்லை. 1578-இல் மனைவியின் நிலத்தை அடகு வைக்கிறார். 1586-இல் சபையிலிருந்து பெயர் நீக்கப்படுகிறது. 1592-இல் கோவிலுக்கு வராதவர்கள் என்று ஒரு ஜாபிதா எடுத்தார்கள். அதில் ஜானின் பெயர் இருக்கிறது. கடன்காரர்கள் பிடித்துவிடுவார்களோ என்று பயந்து வராமலிருப்பதாகப் பக்கத்தில் குறிப்பு. ஒரு காலத்தில் முன்னால் சேவகன் கட்டியம் கூற வீதியில் நடந்த மனிதர்! சின்னத்துக்கான விண்ணப்பம் லண்டனில் எங்கேயோ தூசி படிந்து கிடந்தது.

அவருடைய மூத்த மகனைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. கல்லூரியில் நான் படித்த சொற்பக் காலத்தில் அவருடைய நாடகங்களில் ஒன்று என்னைப் படாத பாடு படுத்தியது. இங்கே எனக்கு வேண்டியது அவருடைய பெயர் மட்டும். 1564-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் தேதி ஞானஸ்நானப் பதிவேட்டில் அது முதன்முதல் வருகிறது. 1582 நவம்பரில், பதினெட்டு வயதில் கல்யாணம். 27-ஆம் தேதி அனுமதிச் சீட்டுக்கு எழுதிய குறிப்பில் மாப்பிள்ளை 'ஷாக்ஸ்பியர்', பெண் ஆன் வாட்லி. மறுநாள் எழுதிய ஜாமீன் பத்திரத்தில் மாப்பிள்ளை 'ஷாக்ஸ்பியர்' அல்ல, 'ஷாக்பியர்' மாதிரி ஏதோ ஒன்று. பெண் ஆன் ஹாத்வே. ஒரே இரவில் மாப்பிள்ளை பெயரும் பெண் பெயரும் மாறிவிட்டன. குமாஸ்தாவின் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாமல், வாட்லி என்ற காதலி ஒருத்தி இருந்தாள் என்று நாவலே எழுதிவிட்டார்கள். எங்கள் வர்க்கத்தின் புத்தி அது.

அடுத்த ஆண்டு சூஸன்னா என்ற மகள். 1585 பிப்ரவரியில் இரட்டைக் குழந்தைகள்: ஹாம்னெட் என்ற மகன், ஜூடித் என்ற மகள். அண்டையில் ரொட்டிக் கடை வைத்திருந்த தம்பதிகளின் பெயர்களையே இரண்டு குழந்தைகளுக்கும் வைத்தார்கள். பெயர் சொல்ல ஒரு பிள்ளை வந்துவிட்டான்.

வில்லியம் லண்டனுக்குப் போனார், நடித்தார், எழுதினார். 1592-இல் ராபர்ட் கிரீன் என்ற பட்டதாரி எழுத்தாளர், சாகும் தறுவாயில் எழுதிய துண்டுப் பிரசுரத்தில், கல்லூரிப் படிப்பில்லாத இந்த நடிகன் எங்கள் பிழைப்பில் கைவைக்கிறானே என்று வயிறெரிந்து, அவர் பெயரையே திரித்து 'ஷேக்ஸீன்' என்று கேலி செய்தார். ஆக்ஸ்போர்டில் ஹியூ பயந்த அதே ஏளனம், நூறு வருஷம் கழித்தும் அந்தப் பெயரை விடவில்லை. வில்லியம் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மறு வருஷமே தம் முதல் காவியத்தின் சமர்ப்பணத்தின் கீழ் அதை முழுசாக அச்சிட்டார். அச்சடித்தவர் ரிச்சர்டு பீல்டு, ஸ்ட்ராட்போர்டில் தோல் பதனிடுகிறவர் மகன். கையுறைக்காரர் மகனின் பெயரைத் தோல்காரர் மகன் எழுத்தெழுத்தாகக் கோத்து வைத்த அந்த வடிவத்தைத்தான் இன்றைக்கும் உலகம் எழுதிக்கொண்டிருக்கிறது.

கையில் பணம் சேர்ந்ததும், தகப்பனாரின் பழைய விண்ணப்பத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். விண்ணப்பம் தகப்பன் பெயரில். செலவு மகனுடையது என்பதுதான் பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. 1596-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் தேதி சின்னம் கிடைத்தது. பொன்னிறக் கேடயம், குறுக்கே கருநிறப் பட்டை, அதில் வெள்ளி முனையுள்ள தங்க ஈட்டி. மேலே சிறகு விரித்த ராஜாளி ஒன்று, அதன் காலிலும் ஓர் ஈட்டி. உரிமையில்லாமல் அல்ல என்ற பொருளில் பிரெஞ்சு மொழியில் ஒரு விருதுவாக்கியம். இழிவான பெயர் என்று எதைச் சொன்னார்களோ, அந்த ஈட்டியையே தங்கத்தில் எழுதிக் கேடயத்தில் மாட்டிவிட்டார்கள். ஜானுக்கும் அவர் சந்ததியாருக்கும் என்றென்றைக்கும் பாத்தியதை என்று பத்திரம் சொல்கிறது.

சந்ததி! அந்த வருஷம் ஆகஸ்டு 11-ஆம் தேதி ஸ்ட்ராட்போர்டு கோவிலில் ஹாம்னெட்டை அடக்கம் செய்திருந்தார்கள். பையனுக்குப் பதினொன்றரை வயது. இரண்டு தேதிகளுக்கும் நடுவில் சரியாக எழுபது நாள்.

நான் இந்த இரண்டு தேதிகளையும் முதன்முறை ஒரே பக்கத்தில் பார்த்தபோது, புத்தகத்தை மூடிவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆனுக்கு அப்போது நாற்பது வயதாகியிருந்தது. இன்னொரு குழந்தை பிறக்கவில்லை. தாத்தாவுக்குக் கனவான் பட்டம். தகப்பனுக்குக் கனவான் பட்டம். யாருக்காக அத்தனையும் சேர்த்தார்களோ அந்தப் பையன் மண்ணுக்குள். கதையில் நான் இப்படி எழுதினால், "மிகவும் செயற்கையாக இருக்கிறது, தேதியை மாற்றுங்கள்" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

சின்னம் வந்த பிறகும் நிம்மதியில்லை. ரால்ப் புரூக் என்ற இலாகா அதிகாரி, தம் மேலதிகாரி தாழ்ந்தவர்களுக்கெல்லாம் கனவான் சின்னத்தை வாரி வழங்குகிறார் என்று 1602-இல் புகார் கிளப்பினார். அந்தப் பட்டியலில் ராஜாளியும் ஈட்டியும் படமாக இருக்கின்றன. கீழே, நடிகன் ஷேக்ஸ்பியர் என்று குத்தலாக ஒரு குறிப்பு. நகரத் தலைவராக இருந்தவர், ஆர்டன் குடும்பத்தில் பெண் எடுத்தவர் என்று மேலதிகாரி பதில் சொல்லிச் சமாளித்தார். ஜான் இதையெல்லாம் கேட்க இல்லை. 1601 செப்டம்பரிலேயே காலமாகிவிட்டார்.

வில்லியமுக்கு மூன்று தம்பிமார் இருந்தார்களே என்று கேட்கலாம். கடைசித் தம்பி எட்மண்ட், அண்ணனைப் பின்பற்றி லண்டனில் நடிகரானார். 1607 ஆகஸ்டில் அவருடைய கைக்குழந்தை இறந்தது. கல்யாணமில்லாமல் பிறந்தது என்று பதிவேடு ஒளிக்காமல் சொல்கிறது. அதே வருஷம் டிசம்பர் 31-ஆம் தேதி எட்மண்டுக்கே அடக்கம். வயது இருபத்தேழு. முற்பகலில் கோவிலின் பெரிய மணியை அடிக்க இருபது ஷில்லிங் கட்டியிருக்கிறார்கள். ஏழை நடிகனுக்கு அவ்வளவு செலவு செய்திருக்கக்கூடியவர் அந்த ஊரில் அண்ணன் ஒருவர்தாம். மற்ற இரண்டு தம்பிகள் கில்பர்ட், ரிச்சர்டு. இருவரும் 1612-லும் 1613-லும், ஒருவருக்குப் பின் ஒருவராய், பிரம்மசாரிகளாகவே போய்விட்டார்கள்.

1616 மார்ச் 25-ஆம் தேதி கவிஞர் உயிலில் கையெழுத்திட்டார். உயில் என்றதும், மனைவிக்கு இரண்டாந்தரக் கட்டிலை விட்டுவைத்தாரே என்றுதான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். கட்டில் கிடக்கட்டும். எனக்குப் படிக்கும்போது தொண்டையை அடைத்தது வேறு இடம். சொத்தில் பெரும்பகுதி மூத்த மகள் சூஸன்னாவுக்கு. அவளுக்குப் பிறகு அவளுக்குப் பிறக்கப்போகும் முதல் மகனுக்கு. அவனும் அவன் ஆண் வாரிசும் இல்லையென்றால் இரண்டாம் மகனுக்கு. பிறகு மூன்றாம் மகனுக்கு... இப்படி ஏழாவது மகன் வரை எண்ணிக்கொண்டே போகிறது அந்த உயில். சூஸன்னாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கல்யாணமாகி ஒன்பது வருஷமாகப் போகிறது. இருந்தது ஒரே பெண் குழந்தை, எலிஸபெத். பிறக்காத ஏழு பேரன்களையும் ஒரு கிழவர் படுக்கையில் கிடந்தபடி விரல்விட்டு எண்ணுகிறார். கிழவர் என்றா சொன்னேன்? ஐம்பத்திரண்டு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஏழு பேரும் பிறந்திருந்தாலும் அவர்கள் பெயர் ஹால் என்றுதான் இருந்திருக்கும். மாப்பிள்ளை டாக்டர் ஜான் ஹால். அது அவருக்குத் தெரியாதா?

ஏப்ரல் 23-ஆம் தேதி அவர் காலமானார். இரண்டாவது மகள் ஜூடித்துக்கு அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கல்யாணமாகியிருந்தது. மாப்பிள்ளை தாமஸ் குவினி. குப்பைமேட்டுக்காக ஜானோடு அபராதம் கட்டினாரே ஏட்ரியன் குவினி, அவருடைய பேரன்! அந்த நவம்பரில் அவர்களுக்கு ஆண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? 'ஷேக்ஸ்பியர் குவினி.'

தாத்தாவின் பெயரை வைக்க வேண்டுமென்றால் வில்லியம் என்றல்லவா வைத்திருக்க வேண்டும்? வில்லியம்கள் ஊரில் ஆயிரம். போய்விடப் போவது மற்றப் பெயர்தான் என்று ஜூடித்துக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு எழுதத் தெரியாது. பத்திரத்தில் கையெழுத்துக்குப் பதில் ஒரு கீறல்தான் கீறியிருக்கிறாள். இரட்டையாகப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள். தகப்பன் வீட்டுப் பெயரைக் காப்பாற்ற அவளுக்குத் தெரிந்த வழி நம் வழிதான், பேரனைப் பெயரனாக்கிவிட்டாள். குழந்தை 1617 மே மாதம் 8-ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டது. ஐந்தரை மாதம். அதற்குப் பிறகு பிறந்த ரிச்சர்டு, தாமஸ் என்ற இரண்டு பிள்ளைகளும் 1639-ஆம் வருஷத்தில், ஒரு மாத இடைவெளியில், இருபத்தொன்றும் பத்தொன்பதுமான வயதில் போய்விட்டார்கள். ஜூடித் எழுபத்தேழு வயது வரை இருந்தாள். சூஸன்னாவின் மகள் எலிஸபெத் இரண்டு கல்யாணம் செய்துகொண்டும் குழந்தையில்லாமல் 1670-இல் காலமானாள். கவிஞரின் நேர் வம்சம் அத்துடன் முடிந்தது.

தங்கை ஜோன், ஹார்ட் என்ற தொப்பிக்காரரை மணந்தவள், அவளுடைய சந்ததிதான் தழைத்தது. 1666-இல் அந்த வம்சத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கும் 'ஷேக்ஸ்பியர் ஹார்ட்' என்று பெயர் வைத்துப் பார்த்தார்கள். இவர் பிழைத்துக்கொண்டார். ஸ்ட்ராட்போர்டில் ஈயக் குழாய் வேலை செய்து எண்பது வயது வரை வாழ்ந்தார்.

அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பது தனிக் கூத்து. கவிஞரின் கையெழுத்து என்று ஐயமின்றி நமக்குக் கிடைத்திருப்பவை ஆறு. 1612-இல் ஒரு வழக்கில் சாட்சி சொன்ன வாக்குமூலத்தில் ஒன்று, 1613-இல் வீடு வாங்கிய பத்திரங்களில் இரண்டு, உயிலில் மூன்று. இந்த ஆறில் ஒன்றிலாவது இன்று நாம் எழுதும் எழுத்துக்கூட்டல் இல்லை. சில இடங்களில் பாதியிலேயே சுருக்கிவிடுகிறார். குடும்பத்தாரின் பெயர் ஏடுகளில் எண்பதுக்கு மேற்பட்ட விதமாக எழுதப்பட்டிருப்பதை இ. கே. சேம்பர்ஸ் என்ற அறிஞர் 1930-இல் பட்டியல் போட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய படிப்பாளிகள் எந்த எழுத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்று பிரசுரம் பிரசுரமாகச் சண்டையிட்டிருக்கிறார்கள். நம் பங்குக்கு நாமும் 'செகப்பிரியர்' என்று ஒன்றைச் சேர்த்தோம். உலகத்துக்குப் பிரியமானவர்! வடமொழியை விலக்க வேண்டும் என்று புறப்பட்டு, ஜகத்தையும் பிரியத்தையும் சேர்த்துக் கட்டிய பெயர். ஆனாலும் எனக்கு அது பிடிக்கிறது. ஆக்ஸ்போர்டு ஹியூவுக்கு இது காதில் விழுந்திருந்தால் பெயரை மாற்றியிருக்க மாட்டார்.

கவிஞரின் கிளை போனாலும், மற்றக் கிளைகளில் அந்தப் பெயர் இங்கிலாந்தில் இருந்துகொண்டுதான் இருக்கிறது. லண்டனில் கப்பல் கயிறு திரித்த ஒரு ஷேக்ஸ்பியர் குடும்பத்தார் கம்பெனி உத்தியோகத்துக்கு வங்காளம் வந்தார்கள். அவர்களில் ஒருவரை நாவலாசிரியர் தாக்கரேயின் அத்தை மணந்தாள். இன்னொருவர் நமக்கு இன்னும் கொஞ்சம் நெருக்கம். ஜான் ஷேக்ஸ்பியர், 1774-இல் லெஸ்டர்ஷயரில் ஒரு சிறு விவசாயிக்குப் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவக் கலாசாலையில் ஹிந்துஸ்தானி ஆசிரியராக இருந்தார். வங்காளத்துக்கும் பம்பாய்க்கும் நம் சென்னை ராஜதானிக்கும் பட்டாள அதிகாரிகளாகப் புறப்பட்ட வெள்ளைக்காரப் பையன்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். 1817-இல் அவர் வெளியிட்ட ஹிந்துஸ்தானி அகராதி வெகுகாலம் புழங்கியது. 'ஷேக்ஸ்பியரை எடு' என்று அந்தக் காலத்துத் துரைமார் கேட்டால், முன்ஷி எதைக் கொண்டுவந்து வைத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஹென்லி தெருவில் கவிஞர் பிறந்த வீட்டை 1847-இல் மூவாயிரம் பவுனுக்கு ஏலத்தில் எடுத்துப் பொதுச் சொத்தாக்கினார்கள். ஒட்டியிருந்த வீடுகளிலிருந்து நெருப்புப் பரவினால் என்ன செய்வது என்ற பயம் மட்டும் தீரவில்லை. 1856-இல் கிழவரான ஜான் ஷேக்ஸ்பியர் அதற்காக 2,500 பவுன் கொடுத்தார். அக்கம்பக்கத்துக் கட்டடங்களை இடித்து அகற்றி, வீட்டைச் சுற்றிலும் சுத்தம் செய்தார்கள். முன்னூற்று நாலு வருஷத்துக்கு முன்னால் அதே தெருவில்தான் இன்னொரு ஜான் ஷேக்ஸ்பியர் குப்பை போட்டு ஒரு ஷில்லிங் அபராதம் கட்டியிருந்தார்.